வெற்றிலை பாக்கு கொடுக்கிற கை

எங்க ஊர் தளவானூர்க் குகையைக் குடைவித்தவன் மகேந்திரவர்மன். மத்தவிலாசம் எழுதிய ராஜா. ராஜா எழுதினால் அது நாடகக்கலை. விடியவிடியத் தொண்டை கிழிய ஆடுகிறவன்? கூத்தாடி. நம்ம தமிழில் அது வசவு.

செய்யாறு பக்கம் புரிசையில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த வசவைச் சுமந்து ஆடியது. கூத்துக்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊர்ப் பெரிய மனுஷன் கொடுக்கிற வெற்றிலை பாக்கை வாங்கினால் ஆட்டம் உறுதி. எந்தக் கதை, எத்தனை ராத்திரி என்பதெல்லாம் கொடுக்கிற கையின் இஷ்டம். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குப் புரிசை கண்ணப்பத் தம்பிரான் அடவு சொல்லிக்கொடுத்தார். மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக்கூட இவர்கள் கூத்தாக ஆடினார்கள். 2003இல் அவர் இறந்தபின், மகன் சம்பந்தனும் குடும்பத்தாரும் அவர் நினைவாகப் புரிசையிலேயே நாடக விழா எடுத்தார்கள். பட்டணத்து நவீன நாடகக்காரர்கள் கிராமத்துக்கு வந்து ஆடினார்கள். அதாவது, வெற்றிலை பாக்கு வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறியது. கலையைக் காப்பாற்றினார்கள் என்று பத்திரிகைகள் எழுதும். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கைமாற்றம்தான்.

ஆனாலும் அவர்களுடைய மன்றத்தின் பெயரில் இருக்கிற 'பரம்பரை' என்ற சொல் உறுத்துகிறது. அவர்களுக்கு அது பெருமை, சரி. எங்க ஆளுங்க பரம்பரையாகப் பறையடித்தால் அதற்கு என்ன பேர் வைத்தீர்கள்? ஊர்த்தொழில். சாவுக்கு வராவிட்டால் கட்டிவைத்து அடி.

கட்டியக்காரன் ராஜாவையே கிண்டல் பண்ணுவான் என்று ஆய்வாளர்கள் சிலாகிக்கிறார்கள். சின்ன வயசில் திரௌபதியம்மன் திருவிழாவில் நான் பார்த்த கட்டியக்காரன் ராஜாவை விட்டுவிட்டு எங்க சாதிப் பேரைச் சொன்னான். ஊரே சிரித்தது. கடைசியில், இருட்டில் உட்கார்ந்திருந்த எங்க அப்பாவும் சிரித்தார், துண்டால வாயைப் பொத்திக்கிட்டு. எந்த ஜமா என்று சொல்லி என்ன ஆகப்போவுது? வெற்றிலை பாக்கு கொடுத்தவன் கேட்டதைத்தான் அவன் கொடுத்தான்.

காஞ்சிபுரத்தில் 1990இல் ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் வைத்தார்கள். அது ஒரு குடும்பத்தின் பேரில் இல்லை. 2002இல் அவர்கள் தொடங்கிய குருகுலத்தில் பொம்பளைப் பிள்ளைகளும் கட்டை கட்டினார்கள். பாஞ்சாலியைக்கூட ஆம்பளையே ஆடிவந்த கூத்தில் இது சின்ன விஷயமா? ஆக, பரம்பரை இல்லாதவர்களுக்கும் அடவு வரும்.

எங்க காலனியிலும் ஒரு ஜமா இருந்தது. சித்தப்பா துச்சாதனன் கட்டுவார். புஜக்கட்டையும் கிரீடமும் பரணில் கிடக்கின்றன. போன மாசம் அவர் மகன் கேட்டான்: "அண்ணே, நம்ம தெருவுல நாமளே ஒரு ராத்திரி வெச்சா என்ன? யாருக்கு வெத்தலபாக்கு குடுக்கலாம்?"

அன்னிக்கு எங்க பேரைச் சொல்லிச் சிரிக்கவைத்த ஜமாவையே கூப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். எங்க கையால் வாங்கிக்கொண்டு, எங்க தெருவில் நின்று, கட்டியக்காரன் என்ன பேசுறான்னு பார்க்கணும்.