கிண்டிக்குப் போய்ச்சேரும் எண்கள்

தொலைவிலுள்ள ஆலைக் கருவிகளை வலைப்பின்னல் வழியே ஒரு மையச் சர்வருடன் இணைத்து, அவை அளப்பதை அங்கிருந்தே கவனிக்கும் முறை தொழில்துறையில் பல வடிவங்களில் நிலவினாலும், சேலம், நாமக்கல் சமவெளியின் ஆறுகளையும் கிணறுகளையும் நேரடியாகத் தொடுவது அதன் மாசுக் கண்காணிப்பு வடிவமே. மிகையாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தத்தம் கழிவுநீர் வாய்க்காலிலும் புகைபோக்கியிலும் தொடர் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி வாரியத்துடன் இணைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் ஆணையிட்டது. அனல் மின்நிலையம், காகிதம், சர்க்கரை, இரும்பு எஃகு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. மேட்டூர் அனல் மின்நிலையம், பள்ளிபாளையம் காகித ஆலை, மோகனூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, சேலம் உருக்காலை என்று இந்தச் சமவெளியின் பெருந்தொழில்கள் பலவும் அவ்வகைகளைச் சேர்ந்தவையே.

இணைப்பு நடைபெறும் விதம் எளிது. வாய்க்காலில் மூழ்கியிருக்கும் உணரி, அதாவது நீரின் தன்மையை மின்குறிப்பாக மாற்றும் கருவி, தன் அளவீட்டை டேட்டா லாகர் எனப்படும் பதிவுப்பெட்டிக்குக் கொடுக்கிறது. அந்தப் பெட்டி அதை 15 நிமிடச் சராசரிகளாகத் தொகுத்து, சிம் கார்டு பொருத்திய மோடம் வழியாகவோ பிராட்பேண்ட் வழியாகவோ சென்னை கிண்டியிலுள்ள மாநில வாரியத்தின் கண்காணிப்பு மையத்துக்கும் மத்திய வாரியத்தின் சர்வருக்கும் அனுப்புகிறது. அளவு வரம்பு மீறினால் ஆலைக்கும் வாரியத்துக்கும் குறுஞ்செய்தி தானாகப் போகும். மின்சாரமோ சிக்னலோ போய்விட்டால் பெட்டி எண்களைச் சேமித்துவைத்துப் பிறகு அனுப்பும்.

இம்முறையின் தலையாய பலம் அது நேரத்தைக் கையில் பிடித்திருப்பதுதான். வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் எப்போதோ ஒருநாள், அதுவும் பகலில், வந்து எடுக்கும் ஒரு குப்பி நீர் அந்த ஒரு கணத்துக்கு மட்டுமே சாட்சி. கழிவைத் திறந்துவிடுவோர் தேர்ந்தெடுப்பதோ நள்ளிரவையும் மழைநாளையும். சேர்வராயன் மலையில் தோன்றிச் சேலம் நகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் திருமணிமுத்தாறு மழைக்காலங்களில் நுரைத்து ஓடுவதைக் கரையோர மக்கள் பல ஆண்டுகளாகக் கண்டுவருகின்றனர். அத்தகைய இரவுகளில் ஆய்வாளர் இல்லாத இடத்தில் கருவி இருக்கிறது என்பதே இம்முறைக்கான வலுவான நியாயம். இதை மறுத்துச் சொல்லப்படும் எந்தக் குறையும் பழைய முறைக்குத் திரும்புவதற்கான காரணம் ஆகாது.

குறைகள் வாய்க்காலிலிருந்தே தொடங்குகின்றன. நீரிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜனின் அளவே உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. இந்தியத் தரமுறைப்படி அதை ஆய்வகத்தில் 27 டிகிரி செல்சியசில் 3 நாள் வைத்திருந்துதான் அளக்க முடியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அதே பெயரில் ஓர் எண்ணைத் தரும் உணரி அதை அளப்பதே இல்லை. நீரின் வழியே புறஊதா ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று பார்த்து, முன்பு ஆய்வகத்தில் கண்ட தொடர்பை வைத்து அது கணிக்கிறது. மூலப்பொருளோ சாயமோ மாறினால் அந்தத் தொடர்பும் மாறிவிடும். உணரியின் கண்ணாடியில் பாசி படிந்தாலோ கணிப்பு மேலும் பிசகும். அடிக்கடி துடைப்பதும், ஆய்வக முடிவுடன் ஒப்பிட்டுத் திருத்துவதும் இல்லாத இடத்தில் கிண்டிக்குப் போவது துல்லியமான தோற்றமுடைய ஊகம் மட்டுமே.

அடுத்த குறை கம்பியில் இருக்கிறது. பொதுவிவாதங்களில் அதிகம் பேசப்படாத இதுவே கூர்ந்து பார்க்க வேண்டிய இடம். பல உணரிகள் தம் அளவீட்டை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகின்றன: 4 என்றால் சுழியம், 20 என்றால் கருவிக்கு வகுத்த உச்ச அளவு, மின்னோட்டமே இல்லையென்றால் கம்பி அறுந்துவிட்டது. எந்த மின்னோட்டம் எந்த அளவைக் குறிக்கும் என்பதை உணரியிலும் பதிவுப்பெட்டியிலும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்பதால், சிக்கல் அங்கேதான் முளைக்கிறது. கழிவை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவான வேதி ஆக்சிஜன் தேவைக்கு, நீர்நிலையில் விடும் வரம்பு லிட்டருக்கு 250 மில்லிகிராம். உணரியில் 20 மில்லிஆம்பியர் என்பது 500ஐக் குறிக்க, பெட்டியில் அதே 20க்கு 250 என்று பதிந்துவிட்டால், வரம்பைத் தொட்டு நிற்கும் கழிவு சர்வரில் 125 என்று பாதியாகத் தெரியும். உச்ச அளவையே 300 என்று வைத்துவிட்டால், 2,000 மில்லிகிராம் கழிவு ஓடும்போதும் எண் 300ஐத் தாண்டாது. இதற்குத் திருட்டுக் குணம் தேவையில்லை, பொருத்த வந்தவரின் கவனக்குறைவே போதும். இரண்டுக்கும் சர்வரில் வேறுபாடு தெரியாது. எண்ணை எண்ணாகவே அனுப்பும் மோட்பஸ் போன்ற கருவிமொழிகள் இந்தப் பிசகைப் பெரிதும் தவிர்க்கின்றன. ஆனால் 1979இல் பிறந்த மோட்பஸ் தன் அடிப்படை வடிவில், பேசுவது யார் என்று கேட்பதில்லை.

கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் திருத்துவதும் ஆலையின் பொறுப்பிலேயே இருப்பதால், கண்காணிக்கப்படுபவரே கண்காணிக்கும் கண்ணைத் துடைப்பவராகவும் இருக்கிறார். தொலைவிலிருந்தே கருவியைச் சோதிக்கும் ஏற்பாட்டை மத்திய வாரியத்தின் வழிகாட்டுதல்கள் கேட்பது இதற்கு ஒரு மாற்று. அதற்கு இருவழிப் பாதை வேண்டும்; படிக்கும் பாதை கட்டளையிடும் பாதையாகவும் ஆகும்போது அபாயமும் உடன் வருகிறது. ஆஸ்திரேலியாவின் மரூச்சி பகுதியில் 2000ஆம் ஆண்டில், ஒப்பந்த நிறுவனத்தின் முன்னாள் பணியாளர் ஒருவர் வானொலிக் கட்டளைகள் வழியே கழிவுநீர்ப் பம்புகளில் தலையிட, சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவு பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. அளவிடும் கருவியை ஆலையின் பம்பு, வால்வுக் கட்டுப்பாட்டிலிருந்து முற்றாகப் பிரித்துவைத்தால்தான் இருவழிப் பாதை ஏற்கத்தக்கது.

எண் சரியாகவே வந்தாலும் அது சட்டத்தின் முன் நிற்குமா என்பது வேறு கேள்வி. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, வாரியம் எடுக்கும் மாதிரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, இரு கூறாக்கி, முத்திரையிட்டு, ஆய்வகம் சென்றால்தான் அதன் முடிவு நீதிமன்றத்தில் சான்றாகும் என்கிறது. சர்வர் எண்ணால் இந்த நடைமுறையை நிறைவேற்ற முடியாது; ஆகவே எச்சரிக்கை வந்த பிறகும் குப்பியுடன் ஆள் போக வேண்டியிருக்கிறது, அதற்குள் பள்ளிபாளையத்தில் ஓடிய கழிவு ஜேடர்பாளையம் தடுப்பணையைத் தாண்டியிருக்கும். அமெரிக்காவின் அமிலமழைத் தடுப்புத் திட்டம் 1995 முதல் மின்நிலையங்களின் தொடர் அளவீட்டையே கணக்காக ஏற்றது. அதிலும் கருவி நின்றுபோன நேரத்துக்கு வேண்டுமென்றே உயர்ந்த அளவை இட்டு நிரப்பியது. கருவியைப் பழுதாக வைத்திருப்பது அங்கே நட்டம். இங்கே இடைவெளி பெரும்பாலும் வெறும் இடைவெளியாகவே நின்றுவிடுகிறது. அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. குஜராத்தின் சூரத்தில் 2019இல் தொடங்கிய துகள்மாசு வணிகத் திட்டம் கருவி தரும் எண்ணைப் பணத்துடன் பிணைத்தபோது, அதில் சேர்ந்த ஆலைகளின் துகள்மாசு 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்தது. வேலை செய்தது கருவி மட்டுமல்ல, அதன் எண்ணுக்கு இருந்த விலையும்தான்.

வலையில் சேராதவர் கதை தனி. மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் எடுக்கும் சேகோ ஆலைகள் இப்பகுதியின் அடையாளமான தொழில். அவற்றுக்கென்று 1981இல் அமைந்த சேகோசர்வ் என்ற கூட்டுறவே இயங்குகிறது. அமிலத்தன்மையும் கரிமச்சுமையும் மிகுந்த கழிவுநீரை வெளியேற்றும் இந்தத் தொழில் அந்த 17 வகைப் பட்டியலில் இல்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் அனுமதியின்றி நடந்து அவ்வப்போது அதிகாரிகளால் இடிக்கப்படும் சாயப்பட்டறைகளும் எந்தத் திரையிலும் தோன்றப்போவதில்லை. சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவின் வீரியத்தைக் குறைத்தது கண்காணிப்பைவிட, கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்கவிட்டால் கிடைக்கும் எரிவாயு எரிபொருள் செலவை மிச்சப்படுத்தியதே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில், இந்த நேரலை எண்களை மாநில வாரியங்கள் பொதுவில் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. காவிரிக்கரை உழவருக்கு அந்த நொடியின் எண் மட்டும் உதவாது. சென்ற மழைநாளின் இரவு 2 மணிக்கு என்ன ஓடியது என்பதைத் தமிழில், தன் ஊர்ப் பெயரை வைத்துத் தேடிப் பார்க்கும் வசதி வேண்டும். உணரியின் பராமரிப்பை ஆலையின் செலவில் வாரியமே ஏற்பதும், விடுபட்ட நேரத்துக்கு உயர்ந்த அளவை இட்டு நிரப்புவதும், 21ஆம் பிரிவைத் திருத்துவதும் இதனுடன் சேர வேண்டும். இவை நடக்கும்வரை கிண்டியின் சர்வர் நல்ல எச்சரிக்கை மணியாக இருக்கலாம். சாட்சியாக ஏற்கப்படும் தகுதி அதற்கு இன்னும் வரவில்லை.