கிரென்பெல் கோபுரம்: வழிகாட்டி நூலின் குறை

இலண்டனின் வடக்குக் கென்சிங்டனில் அமைந்த கிரென்பெல் கோபுரம் 24 மாடிக் குடியிருப்பாக இருந்தது. 2017 சூன் 14 அதிகாலை, 4ஆம் மாடி வீடொன்றின் குளிர்பதனப் பெட்டி அருகே பற்றிய தீ 72 உயிர்களைப் பறித்தது. பழியைப் பெட்டியின்மீது போடுவது எளிது. உண்மையான குறை அரசின் தீப்பாதுகாப்பு வழிகாட்டியில் இருந்தது.

2016இல் முடிந்த புதுப்பிப்புப் பணியில் சுவரின் வெளிப்புறம் மூடுதகடுகளால் போர்த்தப்பட்டது. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகள், நடுவே எளிதில் எரியும் பாலித்தீன். அன்றைய வழிகாட்டி உயர்கட்டட வெளிப்பரப்புக்கு ஏற்ற 'வகுப்பு 0' என்னும் தரம், பரப்பில் தீ பரவும் விதத்தையே சோதித்தது. உள்ளிருப்பது எரியுமா என்று கேட்கவில்லை. விடைத்தாளின் முகப்பை மட்டும் பார்த்து மதிப்பெண் போடுவதுபோல!

தீ அந்தந்த வீட்டுக்குள் அடங்கும் என்ற நம்பிக்கையில்தான் 'வீட்டிலேயே இருங்கள்' என்ற அறிவுரை பிறந்தது. தீ வெளிச்சுவரில் ஏறியதும் அந்த நம்பிக்கை பொய்த்தது. முதல் அழைப்பு வந்து ஏறத்தாழ அரை மணியில் உச்சியை எட்டிவிட்டது, அறிவுரையோ 2.47 மணிக்குத்தான் கைவிடப்பட்டது. இறங்க இருந்தது ஒரே படிக்கட்டு.

இது எதிர்பாராதது எனவும் சொல்ல இயலாது. 2009இல் தெற்கு இலண்டனின் லாக்கனல் அவுசில் 6 பேர் இறந்தனர். அதை விசாரித்த அதிகாரி, வெளிச்சுவர்த் தீ பற்றிய வழிகாட்டலைத் தெளிவுபடுத்துமாறு 2013இல் பரிந்துரைத்தார். 2017 வரை அது திருத்தப்படவில்லை. எரியும் மூடுதகடுகளுக்கு 2018 திசம்பரில் வந்த தடையும் புதிய பணிகளுக்கே பொருந்தியது. முன்பே தகடு போர்த்திய வீடுகளில் இருந்தோர், அகற்றும் செலவு யாருடையது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.