இறந்தவரைப் பாட்டால் எழுப்புதல்: யாருக்கு அனுமதி, யாருக்குத் தடை?

அம்பத்தூரில் அக்கா வீடு. அக்கா மகனும் அவன் கல்லூரிச் சிநேகிதர்களும் கூடத்தில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டு. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு ஒரு கற்பனை உலகத்தில் உலவ வேண்டும். இவன் எடுத்திருந்தது ‘பார்ட்’. பாட்டால் மந்திரம் செய்கிறவன். பாணன் என்று நான் எனக்குள் பெயர்த்துக்கொண்டேன்.

“செத்தவங்கள எழுப்புற மந்திரம் ரெண்டு வகை மாமா. ஒண்ணு உயிரோட திருப்பிக் கூட்டியாறது. அது ஓகே. இன்னொண்ணு பொணத்த எழுப்பி நடக்க வைக்கிறது. அத நல்லவன் பண்ண மாட்டான்.”

2014 பதிப்பில் பாணனின் பட்டியலில் முதல் வகை உண்டு, இரண்டாவது இல்லை. யார் எழுப்பினால் அருள், யார் எழுப்பினால் சூனியம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே தெருவில் சாவு மேளம் கேட்டது. அடுக்ககத்தின் செயலாளர் யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். கீழ்த்தளத்துப் பலகையில் ஏற்கெனவே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: இத்தெருவில் மேளத்தோடு பிணம் எடுக்க அனுமதியில்லை. அனுமதி கொடுக்க இவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் வந்துவிட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தமிழில் பாட்டால் பிணம் எழுப்பியவர்களில் பெயர்பெற்றவர் திருஞானசம்பந்தர். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையின் சாம்பலையும் எலும்பையும் குடத்தில் போட்டுக் காத்துவந்தார் அவள் தகப்பன், மயிலாப்பூர் வணிகர் சிவநேசர். சம்பந்தர் பதிகம் பாடினார், குடத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் வந்தாள். இதைச் சொல்கிறவர் சேக்கிழார். எங்கள் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் குன்றத்தூர்க்காரர். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு, பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு வருஷம்.

அந்த ஐந்நூறு வருஷத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பதிகத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். எலும்பு எழுந்த செய்தி அதில் இல்லை. மயிலையில் மாதாமாதம் வரும் விழாக்கள்தான் இருக்கின்றன: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொன்றையும் சொல்லி, அதைப் பார்க்காமலே போய்விடப் போகிறாயா என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறது பாட்டு. இது எங்கே கேட்ட குரல்? எந்தச் சாவு வீட்டு வாசலிலும் கேட்கிற குரல்தான். பேத்தி கல்யாணத்தப் பாக்காமப் போறியே, கட்டின வூட்ல ஒரு நாள் இருக்காமப் போறியே என்று மார்பில் அடித்துக்கொள்கிற கிழவியின் வாக்கிய அமைப்பு இதுவே. பதிகம் ஒப்பாரியின் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. ஒப்பாரி தீட்டானது, பதிகம் திருமுறையானது.

எழுந்த பூம்பாவை என்ன ஆனாள்? முடி முதல் அடி வரை அவள் அழகைச் சேக்கிழார் பாட்டுப் பாட்டாக வர்ணிக்கிறார். தகப்பன் அவளைச் சம்பந்தருக்கே மணமுடிக்கக் கேட்கிறார். எழுப்பியவன் தந்தை முறை என்று அவர் மறுக்கிறார். அவள் கன்னிமாடத்தில் தவமிருக்கிறாள். எழுப்பியவரும் பெற்றவரும் பேசி முடித்தார்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். வட மாவட்டங்களில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரியை அழைக்கிற வழக்கம் உண்டு. பம்பைக்காரர்கள் நீர்நிலைக்குப் போய்ப் பாடி, அந்த வீட்டில் இறந்தவரைக் கூப்பிடுவார்கள். செஞ்சிப் பக்கம் இந்தச் சடங்குகளைக் கூடவே இருந்து பார்த்து இசபெல் நபோகோவ் 2000இல் ஒரு நூலே எழுதினார். ஆவடியில் எங்கள் உறவில் நடந்தபோது நானும் போயிருந்தேன். பாட்டு ஏற ஏற, சித்திக்கு வந்தது. “எனக்கு இருமலு வந்தப்போ எவன்டா ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனீங்க?” என்று செத்துப்போன பெரியம்மாவின் குரலில் கேட்டாள். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வா தாயே, கல்யாணத்தை நடத்திக் குடு என்று காலில் விழுந்தார்கள்.

வித்தியாசம் இங்கேதான். சம்பந்தர் எழுப்பியவள் பேசவில்லை. பம்பைக்காரர் எழுப்பியவள் பேசுகிறாள், கணக்குக் கேட்கிறாள். ஒன்று புராணம், இன்னொன்று மூடநம்பிக்கை என்று தரம் பிரித்த படித்த மனம், இந்தப் பேச்சைத்தான் தடுத்தது என்று தோன்றுகிறது. அதற்காகச் சாமியாடலை நான் விஞ்ஞானமாக்க வரவில்லை. உயிரோடு இருந்தபோது வாய் திறக்க முடியாத ஒருத்திக்கு அந்த இசை ஒரு சபையைக் கூட்டித் தந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

சாவுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு எப்போதும் தீட்டாக இருந்ததில்லை. புறநானூற்று 281ஆம் பாட்டில் புண்பட்ட தலைவனைக் காக்க வீட்டில் இரவமும் வேம்பும் செருகி, யாழ் மீட்டி, மணி அசைத்து, காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அங்கே சாவை எட்ட நிறுத்துவது இசையின் வேலை.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. பறையை ‘ஆதி இசை’ என்று கொண்டாடி, அதன் அதிர்வில் பிணமே எழும் என்று மேடையில் பேசுகிறோம். யாருடைய பிணத்துக்கு, யார் கட்டளையில் அடித்த பறை அது? 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் இனி ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தலித்துகள் மறுத்தார்கள், அதற்காக அடிவாங்கினார்கள். அந்த மறுப்பும் பறையின் வரலாறுதான். அதே 90களில் மதுரையின் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை விடுதலைக் கருவியாக மேடையேறியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஊருக்கு அடிமையாக அடிப்பதை நிறுத்தியவர்கள், தனக்காக அடிக்கத் தொடங்கினார்கள். ஆதி, அதிர்வு, மந்திரம் என்று பேசும்போது நடுவிலிருந்த அந்த மறுப்பை நாம் அழித்துவிடுகிறோம்.

அதனால்தான் மரண கானா எனக்கு முக்கியமாகப் படுகிறது. சாவு விழுந்த ராத்திரி, பந்தலுக்குக் கீழே, டோலக்கும் ஆர்மோனியமும் வைத்துக்கொண்டு நம்ம ஆளுக்கு நாம பாடுகிற பாட்டு. அதில் செத்தவனுக்குப் பேர் உண்டு, தெரு உண்டு, அவன் ஓட்டின ஆட்டோ உண்டு. இதையெல்லாம் விட்டுப் போறியேடா என்கிற பட்டியல் உண்டு. மயிலைப் பதிகத்தின் அதே பட்டியல், விழாக்கள் மட்டும் வேறு. 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலாவின் குரல் வந்தது, 2018 ஜனவரியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானாவுக்குக் கைதட்டல் கிடைத்தது. கைதட்டியவர்களின் தெருவில் அதே பாட்டு பிணத்தோடு வந்தால், பலகையில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். மேடையில் கலை, தெருவில் இரைச்சல்.

ராத்திரித் தூக்கம், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்று நியாயம் சொல்வார்கள். சரி, நேரம் பேசலாம், சத்தம் பேசலாம். ஆனால் விடியற்காலையில் ஒலிபெருக்கி கட்டும் கோயிலிடம் இந்த நியாயத்தை யாரும் கொண்டுபோவதில்லை. ஆகவே தடை சத்தத்துக்கு அல்ல. அந்தச் சாவு தன் வாசலைக் கடக்கிறது என்பதற்குத்தான்.

போன வாரம் திரும்ப அம்பத்தூர் போனேன். அறிவிப்பு அப்படியே இருந்தது. செயலாளரைப் பார்த்து, எந்தச் சட்டத்தில் இது இருக்கிறது சார் என்று கேட்டேன். “நீங்க இந்த பில்டிங்கா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப உங்களுக்கு எதுக்கு?” அக்கா மகன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். “நான் இந்த பில்டிங்தான் அங்கிள். எனக்கும் சொல்லுங்க” என்றான்.