வேற்றுமை ஏற்ற பெர்ல்

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியக் கணினி அறிஞர் டேமியன் கான்வே, பெர்ல் என்ற நிரல்மொழியின் நிரல்களை லத்தீனில் எழுத ஒரு வழி செய்தார். பெர்லிகாட்டா என்று அதற்குப் பெயர். யாரும் அதில் சம்பளப் பட்டியல் போடப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த விளையாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நாம் பழகிய நிரல்மொழிகளில் சொல் நிற்கும் இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. சமக்குறிக்கு இடப்புறம் நிற்பது வாங்கும், வலப்புறம் நிற்பது கொடுக்கும். பெர்லிகாட்டா அந்த வேலையை லத்தீனின் வேற்றுமை விகுதியிடம் ஒப்படைத்தது. ‘நெக்ஸ்டும்’ என்றால் மாறியில் இருக்கும் மதிப்பு. ‘நெக்ஸ்டோ’ என்றால் மதிப்பை வாங்கிக்கொள்ளும் மாறி. தனி மாறிக்கு ஒருமை, பட்டியலுக்குப் பன்மை. பகா எண்களைச் சலிக்கும் எரட்டோஸ்தனிஸ் முறையைக் கான்வே இதில் எழுதிக் காட்டினார். ‘கொடு’ என ஏவும் ‘டா’ அதில் ஒரு வரியின் தொடக்கத்திலும் இன்னொரு வரியின் முடிவிலும் வருகிறது. நிரல் பிசகாமல் ஓடுகிறது. ஒரு நிரல்மொழியின் கட்டளைச்சொற்களை மட்டும் மாற்றிவைக்கும் கிளைமொழிகள் தராத அறிவு இது. இலக்கணத்தின் எந்தப் பகுதி கணினிக்குத் தேவை, எந்தப் பகுதி வெறும் பழக்கம் என்று இது பிரித்துக் காட்டுகிறது.

குறை, இது கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. பெர்ல் படிக்குமுன்பே ஒரு வடிகட்டி மூலநிரலை உரையாக வாங்கி மாற்றி எழுதிவிடுகிறது. விளையாட்டுக்கு அது போதும். அதே உத்தியில் கான்வே எழுதிய ‘ஸ்விட்ச்’ கூறு பெர்லுடனேயே வழங்கப்பட்டு, அன்றாட நிரல்களுக்குள் புகுந்தபோது தொல்லை தொடங்கியது. சாய்கோடுகளுக்கு இடையில் எழுதும் தேடல் வடிவங்களைக் கண்டு வடிகட்டி தடுமாறும்; அதன் ஆவணமே இதை எச்சரித்தது. 2011இல் வந்த பெர்ல் 5.14 அந்தக் கூறை விலக்கியது. மொழியின் இலக்கணம் முழுவதையும் அறியாத ஒன்று அந்த மொழியைத் திருத்தி எழுதினால் இப்படித்தான் ஆகும். கிளைமொழியை வெளியிடுவோர் இந்த எல்லையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வேற்றுமை உருபுகள் நமக்கும் உண்டு என்பதால் இந்தச் சோதனை என்னை விடாமல் இழுக்கிறது. பைத்தானில் கட்டப்பட்ட எழில் மொழி, நிபந்தனையை முன்னே வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னே எழுத வைத்தது. தமிழ்த் தொடரின் போக்கை உணர்ந்து செய்த நல்ல முடிவு. ஆனால் ‘பதிப்பி’ என்ற வினை அதில் முன்னேதான் நிற்கிறது. உருபுகளை நம்பினால் ‘பெட்டிக்கு இரண்டைக் கொடு’ என்றும் ‘இரண்டைப் பெட்டிக்குக் கொடு’ என்றும் விரும்பியபடி எழுதலாம். கடினம் வேறிடத்தில் இருக்கிறது. கான்வேயின் தனி மாறிகள் பொதுவாக ஒரே விகுதி இணையில் அடங்கின. தமிழில் ‘மரத்துக்கு’ என்பதிலிருந்து ‘மரம்’ என்ற மாறியையும், ‘வீட்டுக்கு’ என்பதிலிருந்து ‘வீடு’ என்ற மாறியையும் கணினி மீட்டெடுக்க வேண்டும்; அடுத்த சொல்லுக்கேற்ப மிகும் வல்லினத்தையும் கழிக்க வேண்டும். வடிகட்டியால் ஆகிற வேலை இல்லை இது. சொல்லை அடிச்சொல், உருபு எனப் பிரிக்கும் உருபனியல் பகுப்பாய்வியை மொழியின் உள்ளேயே வைத்துக் கட்டினால் முடியும்.