ஜிப் வைத்த குரோஷாப் பை

ஒரு கொக்கி ஊசியையும் ஒரு பருத்தி நூற்கண்டையும் மட்டும் துணையாகக் கொண்டு, சிறியதொரு சங்கிலியில் தொடங்கி, அதன் இரு விளிம்புகளையும் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே வந்தால், மூட்டுத் தையல் என்பதே இல்லாமல் அடிப்பாகமும் சுவர்களுமாக ஒரு பை எழுந்து நிற்பது, எத்தனை முறை கண்டாலும் அலுக்காத ஆச்சரியம். ஊசியில் காத்திருப்பது பெரும்பாலும் ஒரே கண்ணிதான் ஆகையால், பிழை நேர்ந்தால் நூலை இழுத்துப் பிரித்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம். இத்தகைய தாட்சண்யம் கைத்தொழில்களில் அபூர்வம்.

சிரமமெல்லாம் ஜிப்பில்தான். கிடியன் சுண்ட்பாக் என்னும் ஸ்வீடன் தேசத்துப் பொறியாளர் 1917-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இந்தப் பல்வரிசை நீளாது. குரோஷாப் பின்னலோ இழுத்த இழுப்புக்கெல்லாம் நெகிழ்வது. ஆகவே, பையின் வாயைச் சற்றும் இழுக்காமல், ஜிப்பின் துணிப்பட்டையை உட்புறத்தில் குண்டூசிகளால் நிறுத்தி, சாதாரணத் தையல் ஊசியால் நெருக்கமாகத் தைக்கவேண்டும். அவசரக்காரரின் பை அலையலையாக நெளிந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே லைனிங் துணி கொடுப்பது விவேகம். இல்லாவிடில் ஹேர்பின் கண்ணிகளின் வழியே எட்டிப் பார்க்கும்.

சாவி, சில்லறை, ஊக்கு, தலைவலி மாத்திரை என்று கைப்பையின் அடியில் அஞ்ஞாதவாசம் செய்யும் அற்ப வஸ்துக்களுக்கு இது தக்க வாசஸ்தலம். அழுக்குத் தெரியாது என்று பழுப்பு நிறத்தை நாடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கைப்பையின் இருட்டிலும் சட்டென்று கண்ணில் படும் கிளிப்பச்சையே என் பட்சம், அழுக்கானால் பருத்தி நூல்தானே, துவைத்துக்கொள்ளலாம்.