பழைய புல்லட்டுக்கு இரிடியம் எதற்கு?

திருவொற்றியூரில் உருவான வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை இன்று தூசி தட்டி எடுப்பவர்கள், பெரும்பாலும் முதலில் வாங்குவது இரிடியம் ஸ்பார்க் பிளக்கைத்தான். பெட்ரோலில் எத்தனால் கலந்தாகிவிட்டது, பாயிண்ட் இக்னிஷன் வண்டியில் தீப்பொறி பலவீனம், ஆகவே இரிடியம் போட்டே தீர வேண்டும் என்கிறார்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே தவறு.

இரிடியத்தின் குணங்களை மறுப்பதற்கில்லை. சாதாரண பிளக் முனையில் இருக்கும் நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் 2,446 டிகிரி வரை தாங்கும். அதனால் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிதாக்கலாம். மெலிந்த முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். காலையில் கிக் சற்று இலகுவாகலாம். முனை தேய்வதும் குறைவு.

ஆனால் பழைய புல்லட்டில் பிளக் தேய்ந்தா வீணாகிறது? ரிங் தளர்ந்து ஆயில் ஏறுகிறது, வால்வு கைடு வழியாகவும் கசிகிறது, கார்பரேட்டர் தேவைக்கு மேல் பெட்ரோலைத் தள்ளுகிறது. இதனால் பிளக்கின் உள்ளேயிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கில் கரி படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். காயிலிலிருந்து வரும் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியாகவே பிளக்கின் உடலுக்கு ஓடிவிடுகிறது. கசிவு பீங்கானில் இருக்கும்போது, முனை எந்த உலோகமானால் என்ன?

கரியை எரிப்பது வெப்பம். பீங்கான் மூக்கு ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் இருந்தால் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்; 800-ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் மூக்கை நிறுத்துவது பிளக்கின் வெப்ப எண். நீண்ட மூக்கு சூட்டைத் தக்கவைக்கும், குட்டை மூக்கு சீக்கிரம் இறக்கிவிடும். பழைய என்ஜினுக்குப் பிளக் தேர்வு என்பது முதலில் இந்த எண்ணின் தேர்வு. அதைத்தான் யாரும் கேட்பதில்லை. பாஷ், மைக்கோ பிளக்கில் எண் கூடினால் சூடு கூடும்; என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி கூடும். மைக்கோ 7-ஐக் கழற்றியவர் கடையில் என்ஜிகே 7 கேட்டால், ஒரு படி குளிர்ந்த பிளக் கைக்கு வருகிறது. நகர நெரிசலில் அது கரி பிடிக்கத்தான் செய்யும். பல மடங்கு விலை கொடுத்து வாங்கிய இரிடியமானாலும் இதேதான் நடக்கும். நிக்கல் பிளக்கையாவது சாலையோரத்திலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாட்டலாம். மெல்லிய இரிடியம் முனையை அப்படித் தேய்த்தால் கெட்டுவிடும்.

எத்தனால் வாதமும் நிற்காது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் காற்று-எரிபொருள் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து என்ஜின் சூடேறுகிறது. அதைச் சரிசெய்யும் இடம் கார்பரேட்டர் ஜெட். எந்தப் பிளக்கும் கலவையை மாற்றாது. கலவை எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும்: மூக்கு பிஸ்கட் நிறமானால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் அதிகம்.

புல்லட் வைத்திருப்பவர்களே, அடுத்த முறை பிளக்கைக் கழற்றும்போது அதன் எண்ணைப் பாருங்கள், மூக்கின் நிறத்தைப் பாருங்கள். கம்பெனி அட்டவணையில் இணையான எண்ணைத் தேடி, அதே மரை நீளத்தில் சாதாரண நிக்கல் பிளக்கே வாங்குங்கள். மிச்சப் பணத்தில் பாயிண்டையும் கண்டென்சரையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.