சேற்றுக்குள் இருக்கும் சாட்சி

அடி அண்ணாமலைப் பக்கம் கோடையில் குளம் குறுகும்போது, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். இரவெல்லாம் பாசியும் சேறும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். வெயில் ஏறினால் சரியாகிவிடும். நடந்ததற்குத் தடயம் இருக்காது.

கடலில் தடயம் மிஞ்சுகிறது. ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவை செத்தபின் சுண்ணாம்பு ஓடுகள் சேற்றில் அடுக்கடுக்காகப் படிகின்றன. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கினால் பல இனங்கள் குறைந்துபோகும், சில தாக்குப்பிடிக்கும். 1996-இல் பருண் சென் குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் லூசியானா கரையோரத்தில் அம்மோனியா, எல்ஃபிடியம் என்ற இரு பேரினங்களின் விகிதத்தையே ஆக்சிஜன் குறைவுக்கு அளவுகோலாக்கினார்கள். (அம்மோனியா இங்கே வாயுவின் பெயரல்ல.) கருவி இறக்கி அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய காலத்தையும் சேறு பேசும். இந்த முறையின் பெரும் பலம் அதுதான்.

ஆனால் சாட்சி எதைப் பார்த்தது என்பதில்தான் எனக்குத் தயக்கம். 1995-இல் யோரிசென் குழு காட்டியபடி, இவ்வுயிரிகளின் இருப்பை ஆக்சிஜனோடு உணவும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆற்றில் வரும் உரக்கழிவோ உணவைப் பெருக்கி, ஆக்சிஜனைக் குறைக்கிறது. இரண்டும் ஒன்றாக வரும்போது எதற்கு எதன் பங்கு என்று ஓடு பிரித்துச் சொல்லாது. 2006-இல் இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது: ஓர் இனம் ஆக்சிஜன் இல்லாமலே நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கிறது. ஆற்றுநீரும் ஆலைக்கழிவும் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தில் லூசியானா விகிதத்தை அப்படியே பொருத்துவது துணிச்சல். ஏனென்றால் ஆக்சிஜன் குறைவை மட்டுமல்ல, உப்புக் குறைந்த நீரையும் அம்மோனியா தாங்கும்.

இந்தியாவின் மேற்குக் கரை இன்னும் கடினமான வழக்கு. தென்மேற்குப் பருவத்தில் ஆழத்திலிருந்து ஆக்சிஜன் குறைந்த நீர் இயல்பாகவே மேலேறி, செப்டம்பர், அக்டோபரில் திணறல் உச்சமடையும். அது தீவிரமாகிவருவதாக 2000-இல் கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தின் நக்வி குழு எழுதியது. அதே நிறுவனத்தில் ராஜீவ் நிகம் குழு, நீண்டு வளரும் ஓடுகளை ஆக்சிஜன் குறைவின் அடையாளமாக எண்ணிப் பழங்காலத்துக்குள் போனது. ஆக்சிஜன் குறைவு எப்போது மிகுந்தது என்பதற்கு ஓடு நல்ல சாட்சி. யார் காரணம் என்று கேட்டால் அது வாய் திறக்காது.

சேற்றை எடுத்தபோது உயிரோடிருந்தவற்றை இனங்காண ரோஸ் பெங்கால் என்னும் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். ஆனால் ஆக்சிஜன் குறைந்த சேற்றில் செத்த செல் அழுக நாளாகும். எந்த இடத்தில் இந்தச் சோதனை மிகத் தேவையோ, அங்கேதான் செத்தவையும் சிவக்கின்றன.